ஒரு துண்டு வால் போதும்: செட்டிநாட்டில் இருந்துகொண்டே மீன், நண்டு, பறவைகளின் மரபணுவைப் படிப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் விலங்கியலோ கடலியலோ படித்துக்கொண்டு, புராஜெக்டுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்பை முடித்த பிறகும் பைனாகுலரோடு கண்மாய்க் கரையில் நிற்பவர்களுக்கும் இது உதவும். ஓர் உயிரினம் எத்தனை கூட்டமாகப் பிரிந்து கிடக்கிறது, அந்தக் கூட்டங்களுக்குள் போக்குவரத்து உண்டா, எப்போது பிரிந்தன, எண்ணிக்கை குறைந்து நொடித்துப்போன காலம் ஏதாவது இருந்ததா, இதையெல்லாம் டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இதற்கு நம் பக்கம் நல்ல இடம். கிழக்கே போனால் தொண்டியில் பாக் விரிகுடா, அங்கேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகமும் இருக்கிறது. வீட்டைச் சுற்றி மழையை நம்பி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் கண்மாய்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்துக்குள் நடக்கிற வேலையைப் பணம் கொடுத்து வெளியில் செய்து வாங்கிவிடலாம், செய்முறையும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த உயிரை, எந்த இடத்தில், எப்போது, எத்தனை எடுத்தோம் என்பதை மட்டும் யாரிடமும் விலைக்கு வாங்க முடியாது. சாம்பிளைத் தப்பான இடத்தில் எடுத்துவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த மெஷினில் போட்டாலும் தப்பான பதில்தான் வரும். அதனால் இங்கே பாதிக்கு மேல் கண்மாய்க் கரையிலும் மீன் ஏலம் நடக்கிற இடத்திலும்தான் நிற்கப்போகிறோம்.

கேள்வி எது, அதற்கு எந்த டிஎன்ஏ

"இது என்ன இனம்?" என்பது ஒரு கேள்வி. இதற்குப் பார்கோடு போதும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் இருக்கும் சிஓஐ என்ற மரபணுவில், டிஎன்ஏவின் சுமார் 650 எழுத்துகளைப் (ஏ, டி, ஜி, சி) படித்தால், பெரும்பாலான விலங்குகளில் இனம் தெரிந்துவிடும் என்று கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் சொன்னார். 2005இல் ஆஸ்திரேலியாவில் 207 மீன் இனங்களை இப்படிப் படித்தபோது, ஒரே இனத்து மீன்களுக்குள் சராசரி வித்தியாசம் 0.39 சதவீதம், ஒரே பேரினத்தில் வேறு வேறு இனங்களுக்குள் 9.93 சதவீதம் என்று வந்தது. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் பார்கோடு வேலை செய்கிறது. அதற்காக 2 சதவீதத்தைத் தாண்டினால் புது இனம் என்று ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அண்மையில் பிரிந்த இனங்களில் அந்த இடைவெளி இருக்காது, நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்த ஒரே இனத்தின் கூட்டங்களில் அதைத் தாண்டியும் போகும்.

"தொண்டி மீனும் கடலூர் மீனும் ஒரே கூட்டமா?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. இதற்கும் பார்கோடையே போட்டு முடிவு எழுதுகிறவர்கள் நிறைய. பார்கோடு இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில், அது தாய்வழியாக மட்டும் வருவது. நகரத்தார் வீடுகளில் இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில் பிரிவுகள் உண்டு, பிள்ளைகள் அப்பாவின் கோயிலைச் சேர்ந்தவர்கள், ஒரே கோயிலுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஒருவருடைய கோயிலை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டால் அவருடைய அப்பா வழி தெரியும், அம்மா, அப்பத்தா, ஆயா எல்லாம் எங்கிருந்து வந்தார்கள் என்பது அதில் தெரியாது. மைட்டோகாண்ட்ரியா அதே மாதிரி ஒரு வழியை மட்டும் சொல்லும், அது தாய்வழி என்பதுதான் வித்தியாசம். ஆண் மீன்கள் இரண்டு இடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தால் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் கூட்டம் பற்றிய கேள்விக்கு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவும் வேண்டும். பழைய முறையில் 10 முதல் 15 மைக்ரோசாட்டிலைட் இடங்கள் (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள், எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்), இப்போதைய முறையில் ராட் சீக்வென்சிங் (டிஎன்ஏ முழுவதிலும் பல இடங்களில் சிறு துண்டுகளைப் படிப்பது) மாதிரி ஒன்றைச் செய்து ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து மாற்றங்கள்.

தாய்வழியே சரியான கருவியாக அமைகிற கேள்விகளும் உண்டு, கடலாமை அதற்கு நல்ல உதாரணம். பெண் ஆமை தான் பிறந்த கரைக்கே முட்டையிடத் திரும்புகிறதா, அல்லது அனுபவமுள்ள ஆமைகளின் பின்னாலேயே போய்க் கரையைப் பழகிக்கொள்கிறதா என்று நெடுநாள் வாதம் இருந்தது. மேற்கு அட்லாண்டிக் பக்கத்துப் பச்சை ஆமைகளின் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டு, பிறந்த இடத்துக்கே திரும்புகின்றன என்ற பக்கம்தான் சான்று சாய்கிறது என்று 1990இல் காட்டினார்கள். நம் கிழக்குக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளைப் பற்றி கார்த்திக் சங்கரும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. இந்தியப் பங்குனி ஆமைகளில் மிகப் பழைய தாய்வழிகள் இருக்கின்றன, உலகத்தின் மற்றக் கடல்களில் இருக்கும் பங்குனி ஆமைகள் இந்தப் பக்கத்துக் கிளையிலிருந்து பரவியிருக்கலாம் என்று அது சொல்கிறது. வேளாங்கண்ணி கரையிலோ சென்னையிலோ செத்து ஒதுங்கும் ஒவ்வோர் ஆமையையும் இதை நினைத்துக்கொண்டு பார்த்தால் மனசு பதறும்.

மார்க்கெட்டில் வாங்குவதும் கரையில் வாங்குவதும்

காரைக்குடி மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பார்கோடு செய்வது தொடக்கத்துக்கு நல்ல பயிற்சி. இனம் என்ன என்று மட்டும் கேட்பதானால் மார்க்கெட் மீன் தாராளமாகப் போதும். ஆனால் கூட்டம் பற்றிய ஆய்வுக்கு அங்கே போய் நிற்கவே நிற்காதீர்கள். ஒரே தட்டில் இருக்கும் மீனில் பாதி தொண்டியிலிருந்து வந்திருக்கும், மீதி ஐஸ் பெட்டியில் எந்தக் கரையிலிருந்தோ லாரியில் வந்திருக்கும், விற்கிற அம்மாவிடம் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. "பாக் விரிகுடா மாதிரி" என்று எழுதிவிட்டு உள்ளே வேறு கடலின் மீன் கலந்திருந்தால் முடிவு முழுவதும் வீண்.

அதனால் படகு கரைக்கு வரும் இடத்துக்கே போக வேண்டும். தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எதுவானாலும் சரி, படகு வரும் நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள், ஏலம் முடிந்தால் மீன் கலந்துவிடும். வலையை எங்கே விட்டார்கள், எத்தனை பாகம் ஆழம், என்ன வலை என்று மீனவரிடமே கேட்டு எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மட்டும்தான். கரைக்கு அருகில் பிடித்த மீன்தான் வேண்டும் என்றால் அந்த மாதங்கள் வசதிதான்.

முதல் ஆய்வுக்கு நான் சிபாரிசு செய்வது நீலக்கால் நண்டு. கிடைப்பது எளிது, ஒரு நடைக்காலை ஒடித்துக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அப்புறம் இதில் ஒரு நல்ல முடிச்சும் இருக்கிறது. இந்த நண்டை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போர்ட்டூனஸ் பெலாஜிகஸ் என்ற ஒரே பெயரில்தான் எல்லாரும் எழுதிவந்தார்கள். 2010இல் உருவத்தையும் டிஎன்ஏவையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள், இது ஒன்றல்ல, நான்கு இனம் என்று பிரித்தார்கள். நம் வங்கக் கடல் பக்கத்து நண்டுக்குப் போர்ட்டூனஸ் ரெட்டிகுலேட்டஸ் என்று பெயர். ஆண் நண்டின் ஓட்டைப் பாருங்கள், வெள்ளைப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து வலைப்பின்னலாக ஓடும், அந்தப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். சரி, உங்கள் நண்டின் சீக்வென்சை, அதாவது படித்த எழுத்து வரிசையை, ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் தேடினால் என்ன வரும்? பழைய பெயரில் பதிவான சீக்வென்ஸ்களும் பட்டியலில் வரும், முதல் வரியில் எது இருக்கிறதோ அதையே இனப்பெயராக எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பதிவு எந்த ஆண்டு போட்டது, எந்த ஊர் நண்டு, அந்த மாதிரியின் உடல் எங்காவது அருங்காட்சியகத்தில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஓடு நன்றாகத் தெரியும்படி பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து வருஷம் கழித்துப் பெயர் மறுபடி மாறினாலும் அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

கண்மாயில் விரால்

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கடலைவிடக் கண்மாய் எளிது, செலவும் குறைவு, கேள்வியோ கடலில் இருப்பதைவிடக் கூர்மையானது.

நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் இல்லை. மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் போனால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர், அது நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணி ஆறு வழியாகக் கடல். நல்ல மழை பெய்கிற வருஷத்தில் மீன் இந்தச் சங்கிலியில் ஏறி இறங்கும், மழை பொய்த்தால் ஒவ்வொரு கண்மாயும் தனித் தீவு. வெயில் காலத்தில் பாதி கண்மாய் காய்ந்து நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். அதில் பிழைத்த சில விரால்கள்தான் அடுத்த மழைக்கு அந்தக் கண்மாயையே நிரப்ப வேண்டும். விரால் காற்றைச் சுவாசிக்கும், சேற்றுக்குள் புதைந்தும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் எத்தனை பிழைக்கும்?

இதை எண்ணிக்கையில் போட்டுப் பாருங்கள். ஒரு கண்மாயில் பத்து தலைமுறையில் ஒன்பது முறை இனம்பெருக்கும் விரால் 1,000 இருந்தது, ஒரே ஒரு வறட்சியில் 20ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சராசரி 902. மரபணு விஷயத்தில் செல்லுபடியாவது சிறிய எண்களுக்கு அதிக எடை தரும் ஹார்மோனிக் சராசரி, அது சுமார் 170தான். ஒரே ஒரு மோசமான தலைமுறை மற்ற ஒன்பது நல்ல தலைமுறையையும் விழுங்கிவிடுகிறது. அப்படிக் குறுகிய கண்மாயில் சில மரபணு வகைகள் தற்செயலாக அழிந்துபோகும், வேறு சில தற்செயலாகப் பெருகிவிடும். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கரும்பட்டை அகலமாகப் படர்ந்த புலிகள் இருக்கின்றனவே, அதற்கு ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றம்தான் காரணம் என்று பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் கண்டுபிடித்தது. வெளித்தொடர்பு இல்லாத சிறு கூட்டத்தில் அந்த அரிய மாற்றம் பெருகியிருக்கிறது. சிமிலிபாலில் புலிக்கு நடந்ததும் சிவகங்கை மாவட்டத்துக் கண்மாயில் விராலுக்கு நடப்பதும் ஒரே விதிதான். இது படிக்கும்போது பாடமாகத்தான் தெரியும், காய்ந்த கண்மாயின் குட்டை ஓரத்தில் நின்று பார்த்தால் கண்முன்னே நடக்கிறது.

சாம்பிளுக்கு மீன்பிடித் திருவிழாவைவிட நல்ல நாள் கிடையாது. தண்ணீர் வற்றிய பிறகு ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றுப்பட்டி ஜனம் முழுக்க ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்கும். ஒரே காலையில், ஒரே கண்மாயின் எல்லா மூலையிலிருந்தும் மீன் வெளியே வரும், வலைக்கு அகப்படுவது ஒரு அளவு என்ற சிக்கலும் குறைவு. முதல் நாளே ஊர் அம்பலத்தைப் பார்த்து, மீன் வேண்டாம், வாலில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு மட்டும்தான் வேண்டும், மீன் உங்களுக்கே என்று சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். கரையேறும் இடத்தில் இரண்டு பேர் நின்றால் போதும், ஒருவர் வெட்ட, ஒருவர் எழுத. ஒரு வீட்டுக் கூடையிலிருந்து ஓரிரண்டு மீனுக்கு மேல் எடுக்காமல், ஒரு கண்மாய்க்கு 25 முதல் 30 மீன் எடுங்கள். மைக்ரோசாட்டிலைட்டுக்கு இந்த அளவு வேண்டும், ஆயிரக்கணக்கான மாற்றங்களைப் படிக்கிற முறைக்கு இதைவிடக் குறைவாகவே போதும்.

எந்தக் கண்மாய்களை எடுப்பது என்பதில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. ஒரே சங்கிலியில் மேலிருந்து கீழாக மூன்று அல்லது நான்கு, பக்கத்திலேயே இருந்தாலும் வேறு ஆற்றுக்கு வடிகிற சங்கிலியில் அதே மாதிரி மூன்று அல்லது நான்கு. தூரம்தான் பிரிக்கிறது என்றால் பக்கத்துக் கண்மாய்கள் ஒத்துப்போக வேண்டும். தண்ணீர்ப் பாதைதான் சேர்க்கிறது என்றால், தூரமாக இருந்தாலும் ஒரே சங்கிலிக் கண்மாய்கள் ஒத்துப்போகும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இப்படி அமைத்தால்தான் முடியும்.

இரண்டு விஷயத்தில் கவனம். கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் குஞ்சு வாங்கி விட்டிருப்பார்கள். கட்லா, ரோகு என்றால் சொல்லவே வேண்டாம், அவை விட்டவைதான். விரால் குஞ்சும் விட்டார்களா, எங்கிருந்து வாங்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பண்ணையின் மரபணுவைப் படித்துவிட்டுக் கண்மாயின் கதை என்று எழுதிவிடுவோம். இன்னொன்று, விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று பந்து மாதிரி ஒரே கூட்டமாகத் திரியும், தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு வீச்சில் முப்பது குஞ்சு கிடைக்கிறதே என்று அள்ளிவிடாதீர்கள். அவை எல்லாம் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். அதை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கண்மாய் ஊர் உலகத்தோடு சம்பந்தமே இல்லாத தனிக் கூட்டம் என்று பொய்யாகக் காட்டும்.

எடுத்த துண்டைக் கெடாமல் வைப்பது

95 சதவீதத்துக்கு மேல் உள்ள எத்தனால்தான் நல்லது. துண்டைப் போல பத்து மடங்கு எத்தனால் இருக்க வேண்டும், அடுத்த நாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், ஏனென்றால் மீனிலிருந்து வரும் தண்ணீர் முதல் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள், அது டிஎன்ஏவைக் குலைக்கும். முழு உடலை ஃபார்மலினில் பாதுகாக்க நினைத்தால் அதற்கு முன்னால் துண்டை வெட்டித் தனியாக வைத்துவிடுங்கள். எத்தனால் வாங்கக் கல்லூரிகளில் உரிமம், கணக்கு என்று நாளாகும், அது கிடைக்காதபோது டிஎம்எஸ்ஓ, இடிடிஏ என்ற இரண்டு வேதிப்பொருள்களும் கலந்த தண்ணீரில் உப்பு இனிமேல் கரையாது என்கிற வரை போட்டுத் தயாரித்த கரைசலும் நன்றாகவே வேலை செய்யும், நம் வெயிலில் எடுத்துக்கொண்டு அலையவும் பயமில்லை.

லேபிளைப் பென்சிலால் காகிதத்தில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். மார்க்கர் மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும், பேர் இல்லாத முப்பது குப்பியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு மீனுக்கும் நடுவில் கத்திரியை ப்ளீச்சில் முக்கித் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அனுமதி

உணவுக்கு விற்கிற சாதாரண மீன், நண்டு, இறாலுக்கு வன அனுமதி தேவையில்லை. கடல் அட்டை, கடல் குதிரை, கடலாமை, கடற்பசு இவை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. வலையில் தானாக மாட்டிச் செத்திருந்தாலும், கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அனுமதி இல்லாமல் ஒரு துண்டு வெட்டக் கூடாது, வனத்துறைக்குச் சொல்லுங்கள். இப்படி ஒதுங்கிய உடல்களிலிருந்து முறைப்படி எடுத்த திசுக்களை வைத்துத்தான் டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தார் 2021இல் நம் கடற்பசுக்கள் தெற்காசியாவுக்கே உரிய ஒரு தனிக் கிளை என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உயிருள்ள மீனைப் பிடித்து வெட்டி விடுவதானால் உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடமும் கேளுங்கள். வெளிநாட்டுக்குத் திசு அனுப்புவது 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வரும், சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தைக் கேட்காமல் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

ஆய்வகம்

திசுவைப் புரோட்டினேஸ் கே என்ற நொதியில் 56 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்துக் கரைத்து, கிட் மூலமாகவோ உப்பு முறையிலோ டிஎன்ஏவைப் பிரிக்கலாம். பார்கோடுக்கு மட்டும் என்றால் கிட் கூட வேண்டாம், காஸ்டிக் சோடாக் கரைசலில் 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, பிறகு அமிலத் தாங்கல் (பஃபர்) கரைசலால் சமன் செய்தாலே, வேண்டிய பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆருக்குப் போதுமான டிஎன்ஏ கிடைக்கும். அப்புறம் பிசிஆர், ஜெல்லில் ஒரே ஒரு பட்டை தெளிவாக வந்ததா என்று பார்ப்பது, சீக்வென்சிங்குக்கு அனுப்புவது. ஒரு சாம்பிளுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ போடாத ஒரு வெறும் குழாய் கட்டாயம் இருக்க வேண்டும், அதிலும் பட்டை வந்தால் அந்தச் சுற்று முழுவதையும் தூக்கிப் போடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

வந்த சீக்வென்சை அப்படியே நம்பவும் கூடாது. சீக்வென்சிங் மெஷின் தந்த வரைபடத்தைத் திறந்து, இரண்டு ஓரத்திலும் முகடுகள் குழம்பியிருக்கும் பகுதியை வெட்டுங்கள். பிறகு மெகா மென்பொருளில் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில், புரதம் இங்கே முடிகிறது என்ற நிறுத்தக் குறி வந்தால் நீங்கள் படித்தது மைட்டோகாண்ட்ரியா இல்லை, எப்போதோ உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்ட அதன் செத்த நகலாக இருக்கலாம். நண்டு, இறால் வகைகளில் இது அடிக்கடி நேர்கிறது, யாரும் பார்க்காமல் புது இனம் என்று கொண்டாடிவிடுகிறார்கள்.

எண்களைப் படிப்பது

இரண்டு கூட்டம் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு எஃப்எஸ்டி என்ற எண்ணைப் போடுவார்கள். 0 என்றால் வித்தியாசமே இல்லை, 1 என்றால் முழுக்க வேறு. 1994இல் ஏராளமான மீன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இது போன்ற அளவீடு கடல் மீன்களில் சராசரியாக 0.06, நன்னீர் மீன்களில் 0.22 அளவில் வந்தது. கடலில் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து போகும், நீலக்கால் நண்டின் குஞ்சே இரண்டு வாரத்துக்கு மேல் மிதக்கும், அதனால் கடலில் 0.01 வந்தாலும் அலட்சியம் செய்யாதீர்கள், கண்மாயில் 0.1 வந்தாலும் வாயைப் பிளக்காதீர்கள்.

எஃப்எஸ்டி ஏறக்குறைய பூஜ்யம் வந்தால் "ஒரே கூட்டம், சேர்த்தே நிர்வகிக்கலாம்" என்று முடிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பழைய எளிய சூத்திரப்படி, ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு மீன் இடம்பெயர்ந்தால் எஃப்எஸ்டி 0.2, பத்து மீன் இடம்பெயர்ந்தால் 0.024. அதாவது தலைமுறைக்குப் பத்து மீன் போய்வந்தாலே மரபணுவில் வித்தியாசம் கரைந்துவிடும். ஆனால் ஒரு கரையில் மீனை வழித்துத் துடைத்துப் பிடித்துவிட்டால், பக்கத்துக் கடலிலிருந்து வரும் அந்தப் பத்து மீன் வந்து நம் மீனவர் வலையை நிரப்பாது. மரபணு ஒன்றாக இருப்பதற்கும் மீன்வளம் ஒன்றாக இருப்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது, முடிவுரையில் எழுதும்போது யாருடைய பிழைப்பு இதில் தொங்குகிறது என்று நினைத்து எழுதுங்கள்.

பாக் விரிகுடாவை மன்னார் வளைகுடாவோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக் விரிகுடாவோ ஆழமே இல்லாதது, பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்குள். அப்போது அது வெறும் தரை, நம் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போகலாம். இன்றைக்கு அங்கே இருக்கும் மீன், நண்டு, கடற்பசு எல்லாமே கடல் ஏறிய பிறகு, ஏறக்குறைய கடைசிப் பத்தாயிரம் ஆண்டுகளில் குடிவந்தவை. மீன்களின் மைட்டோகாண்ட்ரியாவில் பத்து லட்சம் ஆண்டுக்கு 1.2 சதவீதம் வித்தியாசம் சேரும் என்று வைத்துக்கொண்டால், 650 எழுத்தில் பத்தாயிரம் ஆண்டில் சேருவது 0.08 எழுத்து. ஒரு எழுத்து மாறக்கூட நேரம் பத்தாது! ஆக, பார்கோடை மட்டும் வைத்து "இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை" என்று எழுதினால் அது கருவியின் போதாமை, கடலின் உண்மை இல்லை. பாப்ஆர்ட் மென்பொருளில் வலைப்படம் (ஒவ்வொரு சீக்வென்ஸ் வகைக்கும் ஒரு வட்டம், அதிகம் பேரிடம் இருந்தால் பெரிய வட்டம்) போட்டால் நடுவில் ஒரு பெரிய வட்டமும் சுற்றி ஓரெழுத்து வித்தியாசத்தில் குட்டி வட்டங்களுமாக நட்சத்திரம் மாதிரி வரக்கூடும். சிறு கூட்டம் ஒன்று பெருகிப் பரவியதன் அடையாளம் அது, அரிய மாற்றங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமா என்று பார்க்கும் தஜிமாவின் டி என்ற எண் மைனஸில் வந்தால் அதுவும் அதே பக்கம் கை காட்டும். ஆனால் அந்தப் பரவல் பாக் விரிகுடாவில் நடந்ததா, அதற்கு வெகுகாலம் முன்பு இந்தியப் பெருங்கடலில் நடந்ததா என்பதை இந்த ஒரு மரபணு பிரித்துச் சொல்லாது.

இறகும் தண்ணீரும்

தொடாமலே டிஎன்ஏ எடுக்கவும் வழி உண்டு. வேட்டங்குடி 1977இல் சரணாலயமானது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அப்படிக் காப்பாற்றி வைத்த இடத்தில் கூட்டைக் கலைத்து ஆய்வு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வனத்துறை அனுமதியோடு மரத்தடியில் உதிர்ந்த இறகைப் பொறுக்கினால் போதும். இறகின் அடிநுனியில்தான் டிஎன்ஏ என்று எல்லாரும் வெட்டுவார்கள். கொஞ்சம் மேலே, மென்மயிர் தொடங்கும் இடத்தில் தண்டில் சின்னத் துளை மாதிரி ஒன்று இருக்கும், அதற்குள் உறைந்த ரத்தத் துணுக்கு ஒன்று அடைந்திருக்கும், பெரிய இறகுகளில் நுனியைவிட அதில் நல்ல டிஎன்ஏ கிடைக்கிறது என்று 2005இல் காட்டியிருக்கிறார்கள். இறகைக் காகித உறையில், சிலிக்கா ஜெல்லோடு, உலர்வாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடிக்கும். ஒரே பறவையின் நாலு இறகு நாலு பறவையாகக் கணக்கில் ஏறாமல் இருக்க, முதலில் மைக்ரோசாட்டிலைட்டால் ஆளை அடையாளம் கண்டு இரட்டைகளைக் கழியுங்கள்.

தண்ணீரிலிருந்தே டிஎன்ஏ எடுப்பது இன்னொன்று. 2008இல் பிரான்சில் குளத்துத் தண்ணீரை மட்டும் வைத்து அங்கே அமெரிக்கக் காளைத்தவளை இருக்கிறதா என்று கண்டுபிடித்ததிலிருந்து இது வேகமாக வளர்ந்துவிட்டது, மீன்களுக்கு 2015இல் ஜப்பானியர்கள் உருவாக்கிய மிஃபிஷ் பிரைமர்கள் (பிசிஆரில் நகலெடுக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொடுக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் மரபணுவில் சுமார் 170 எழுத்துகளைப் படிக்கும். நம் கண்மாய்த் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும், 0.45 மைக்ரான் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதனால் கரடான வடிகட்டியில் ஒரு முறை வடித்துவிட்டு இதற்கு வாருங்கள். வெயிலில் டிஎன்ஏ சிதையும், ஐஸில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் வடித்துவிட வேண்டும். கூடவே சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டிலையும் களத்துக்கு எடுத்துப்போய் அதையும் அதே மாதிரி வடியுங்கள். இந்த முறை எந்தெந்த மீன் இருக்கிறது என்று சொல்லும், கூட்டத்தின் கதையை இதிலிருந்து எடுப்பது இன்னும் கடினம். அதிலும் ஒப்பிட்டுப் பார்க்க நம் பக்கத்து அயிரை, குரவை, கெளுத்திக்கெல்லாம் இந்த ஊர் மீனிலிருந்தே எடுத்த சீக்வென்ஸ் இருந்தால்தான் பெயரை நம்பிச் சொல்ல முடியும். அதனால் தண்ணீர் ஆய்வுக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்தச் சின்ன மீன்களுக்கு, பார்கோடோடு மிஃபிஷ் படிக்கும் 12எஸ் பகுதியையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் சீக்வென்ஸ்களை ஜென்பேங்கிலும், படம், இடம், தேதியோடு போல்டு என்ற பார்கோடு தளத்திலும் ஏற்றுங்கள். "தமிழ்நாடு" என்று மட்டும் போடாமல் கண்மாயின் பெயர், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் போடுங்கள். மிச்சத் திசுவைத் தூக்கிப் போடாதீர்கள், எத்தனாலை மாற்றி, மைனஸ் 20 ஃப்ரீசரில், பட்டியலோடு வைத்துவிட்டு, அந்தப் பட்டியலின் நகலை உங்களுக்கு அடுத்து அந்த ஆய்வகத்துக்கு வரும் மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.